லபக்கும் ஆறு தட்டுகளும்

எங்கள் தீயணைப்பு நிலையத்து ஆட்கள் சாப்பிடுவதைப் பார்த்தால், யாரோ பின்னாலிருந்து துரத்துகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். மணி எப்போது அடிக்கும் என்று தெரியாது. அடித்தால் தட்டை அப்படியே போட்டுவிட்டு வண்டியில் ஏற வேண்டும். அதனால் ஒரு காது மணியில், ஒரு கை தட்டில். நான் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய் கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் ஆறு தட்டும் கழுவிவைத்தது மாதிரி இருக்கும்.

நான்தான் இங்கே சமையல். வந்த நாளிலிருந்து ஒரு பருக்கை மிஞ்சியதில்லை. ஒரு சமையல்காரிக்கு இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்? தெருவில் யார் கிடைத்தாலும் நிறுத்திவைத்து இதைத்தான் சொல்வேன். என்னைக் கண்டால் எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போகிறவர்களும் உண்டு. பொறாமை, வேறென்ன.

அப்புறம்தான் அந்த நாய்க்குட்டி வந்தது. சாக்கடைக் குழிக்குள் விழுந்து கத்திக்கொண்டிருந்ததை எங்கள் ஆட்கள் தூக்கி வந்திருந்தார்கள். எனக்கும் நாய்க்கும் ஏழாம் பொருத்தம். சமையலறைக்குள் கால் வைத்தால் கரண்டி பறக்கும் என்று அதனிடமே சொல்லிவைத்தேன். அது காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாளே என் பாதத்தின் மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனசு வராமல் கால் மரத்துப்போகும் வரை நின்றேன். அதோடு என் வீறாப்பு முடிந்தது.

கிண்ணத்தில் தீனியைக் கொட்டினால் கொட்டிய கையை எடுப்பதற்குள் கிண்ணம் காலியாகிவிடும். லபக்கென்று ஒரே சத்தம், அவ்வளவுதான். ஆகவே லபக்கு என்று பெயர் வைத்தார்கள். எல்லோருக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது, ஒரு மதியம் தீனி தொண்டையில் அடைத்துக்கொண்டு அது கண்ணைச் செருகும் வரை.

ஏணி மட்டும் அன்று பக்கத்தில் இல்லாவிட்டால் குட்டி போயிருக்கும். ஏணி என்பது ஆள்தான். கதவுக்கெல்லாம் குனிந்து வருகிற உயரம், அதனால் அந்தப் பெயர். அவன் குட்டியைத் தலைகீழாகத் தூக்கி வயிற்றை ஓர் அமுக்கு அமுக்கினான். அடைத்திருந்த கட்டி தெறித்துப்போய் நிலைய ஆபீசரின் பூட்ஸ் மேல் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். ஆபீசர் சிரிக்கவில்லை.

“உயிரைக் காப்பாத்திக் கொண்டு வந்துட்டு நம்ம கண்ணு முன்னாடியே சாகவிட்டா எனக்குத் தாங்காது. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நிதானமா வளர்க்கிற வீடாப் பார்த்துக் கொடுத்துடலாம்,” என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து நிலையத்தில் இதே பேச்சு. டிரைவர் அண்ணன் கிண்ணத்துக்கு நடுவில் ஒரு பெரிய பந்தை வைத்தார். பந்தைச் சுற்றிச் சுற்றித் தின்றால் நேரமாகும் என்று கணக்கு. லபக்கு பந்தைக் கவ்வி அவர் காலடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, ஓடிவந்து தீனியை முடித்தது. நான் குழிக்குழியாக இருக்கும் கேக் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பார்த்தேன். தட்டைக் கவிழ்த்துவிட்டுத் தரையில் கூட்டிப் பெருக்கியது மாதிரி தின்றது.

ஏணியின் யோசனைதான் பலித்தது. கிழிந்துபோன தண்ணீர்க் குழாய் ஒன்றை நத்தை ஓடு மாதிரி சுருட்டிப் படுக்கவைத்து, சுற்றுகளுக்கு நடுவே தீனியைத் தூவினான். லபக்கு மூக்கைச் செருகி, நாக்கை விட்டு, ஒவ்வொன்றாகத் தோண்டித் தின்றது. நாங்கள் கைதட்டினோம். அதன் புத்தியில் என்ன பதிந்தது என்பது பயிற்சி நாளன்றுதான் தெரிந்தது. சுருட்டி வைத்த குழாய் எல்லாமே தன் சாப்பாட்டுத் தட்டு என்று அது முடிவு கட்டிவிட்டிருக்கிறது. வண்டிக்குப் பக்கத்தில் இருந்த புதுக் குழாயோடு அது தனியாக மல்லுக்கட்டியதை யாரும் பார்க்கவில்லை. தண்ணீரைத் திறந்ததும் குழாயில் அது கடித்துவைத்த ஓட்டையிலிருந்து ஊசி மாதிரி பீய்ச்சியது, நேராக ஆபீசரின் மூக்குக்குள். குழாய் யோசனைக்கு அன்றே முழுக்குப் போட்டோம்.

குட்டிக்குத் தடுப்பூசி போட மாட்டு டாக்டரம்மா வந்தது சரியாகச் சாப்பாட்டு நேரம். ஊசி போட்டு முடித்தும் அவர் கிளம்பவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இது இந்தப் பழக்கத்தை எங்க கத்துக்கிச்சுன்னு நினைக்கிறீங்க?” என்றார்.

ஆறு கையும் தட்டிலேயே நின்றன.

“சுத்தி எல்லாரும் பறக்கப் பறக்கத் தின்னா, தன் பங்கு போயிடுமோன்னு அதுவும் பறக்கும். தனியா வெச்சுப் போடுங்க. முடியலைன்னா நீங்க மெதுவாச் சாப்பிடுங்க.”

தனியாக வைத்துப் பார்த்தோம். சமையலறையில் போட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் கேட்டதும் இரட்டிப்பு வேகத்தில் தின்றுவிட்டு அங்கே ஓடியது. கதவைச் சாத்தினால் ஊளையிட்டுக்கொண்டே விழுங்கி இருமியது. மிச்சமிருந்தது டாக்டரம்மா சொன்ன இரண்டாவது வழி.

“நடுவுல மணி அடிச்சா பட்டினிதானே சார்?” என்றார் டிரைவர் அண்ணன். அவர் சாப்பிடும் வேகத்தைப் பற்றி அவர் மனைவி சொல்லாத புகார் இல்லை.

“அடிச்சா திரும்பி வந்து சாப்பிடலாம். தட்டு எங்கயும் ஓடிடாது,” என்றார் ஆபீசர். அவருக்கு எதையும் பயிற்சியாக்கினால்தான் திருப்தி. கழுத்தில் விசிலோடு மேஜைக்கு வந்தார். ஒரு விசிலுக்கு ஒரு வாய் எடுக்க வேண்டும். பிறகு கையைத் தட்டில் வைத்துவிட்டு மெல்ல வேண்டும். அடுத்த விசில் வரும் வரை விழுங்கக் கூடாது. “தாடை வலிக்குது சார்,” என்று புலம்பினான் ஏணி. “மாடியில இருந்து குதிக்கிறப்ப வலிக்கலையா? மெல்லு!” என்று அதட்டு விழுந்தது. நான் சமையலறைக்குள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் லபக்கு ஒவ்வொரு விசிலுக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தது. யாரும் பறக்கவில்லை. யாரும் அதன் கிண்ணத்துக்கு வரவில்லை. இன்னொரு வாய் எடுத்தது, மறுபடி பார்த்தது. சில நாளில் விசிலே தேவைப்படவில்லை. நாயும் ஆட்களும் மேஜைக்கு மேலும் கீழுமாக நிதானமாக மென்றுகொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அந்தப் பெருமையோடுதான் அன்றைக்கும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். ஏணி ஒரு வாயை மென்றுகொண்டே மேலே பார்த்தான். எதையோ தேடுகிற முகம்.

“அக்கா, இன்னிக்கு உப்பு போட மறந்துட்டீங்களா?”

“போட்டேனே. தினமும் போடுற அளவுதான்.”

டிரைவர் அண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். “அப்ப தினமும் இப்படித்தான் இருந்துச்சா?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் கரண்டியாலேயே பதில் சொல்லியிருப்பேன். மனுஷன் நிஜமான சந்தேகத்தோடு கேட்டார். ஆபீசர் அவசரமாகக் குறுக்கே வந்தார். “காய் வெந்திருக்கு. நல்லாவே வெந்திருக்கு,” என்றார். அவர் பரிந்து பேசியதுதான் எனக்கு ஆறவே இல்லை.

முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினேன். நாக்கு நீண்டுவிட்டது இவன்களுக்கு! இத்தனை வருஷமாக வழித்து வழித்துத் தின்றவர்கள்! கோபம் கொஞ்சம் அடங்கியதும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நான் எப்போதும் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவேன். இங்கே ருசி பார்க்கிற வழக்கமே கிடையாது, எல்லாம் கை அளவு. ஒரு வாய் எடுத்து மென்றேன். இன்னொரு வாயும் மென்றேன். வெந்நீரில் ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி இருந்தது. ருசியில் மயங்கித்தான் பறக்கிறார்கள் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேனே, எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது? வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் சாப்பாட்டை வைத்துவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்காமல் திரும்பினேன். கை துடைத்துக்கொண்டு வந்தால் ஆறு தட்டும் காலி.

“பிரமாதம் அக்கா!” என்றார் டிரைவர் அண்ணன், வாய் நிறைய அடைத்துக்கொண்டு. “ஆமாக்கா, சூப்பர்!” என்றான் ஏணி.

எனக்காகத்தான் விழுங்கியிருந்தார்கள். என் மனசு குளிரட்டும் என்று. ஒரு நொடி குளிரவும் செய்தது, பொய் சொல்லவில்லை. அப்போது மேஜைக்கு அடியில் லபக்கென்று அந்தப் பழைய சத்தம். பிறகு இருமல். பிறகு தின்றது முழுவதையும் அது தரையில் கக்கிவிட்டு, கால் தள்ளாடி உட்கார்ந்தது. ஆபீசர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

“யார் உங்களை விழுங்கச் சொன்னது?” என்று நான் முந்திக்கொண்டேன்.

“உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான்...” என்று இழுத்தார் டிரைவர் அண்ணன்.

“என் மனசு கிடக்கு, விடுங்க! குட்டியை எங்கேயோ அனுப்பிட்டு நீங்க பிரமாதம்னு சொன்னா அதை வெச்சு நான் என்ன பண்ண? மெதுவாத் தின்னுங்க. நல்லா இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. சொன்னா கண்டிப்பாத் திட்டுவேன். திட்டினாலும் சொல்லுங்க.” குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டேன். “சார், இன்னும் ஒரே ஒரு நாள் பாருங்க. இது இல்லாம எனக்கு இங்க இருப்புக் கொள்ளாது.”

ஆபீசர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்கு ஒரு நாள்,” என்றார்.

அடுத்த நாள் விடிந்ததுமே வந்துவிட்டேன். வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை நின்று வதக்கினேன். கோழியை மசாலாவில் ஊறவைத்தேன். உப்பு போட்டேன், ருசி பார்த்தேன், மறுபடி போட்டேன், மறுபடி பார்த்தேன். பரிமாறிவிட்டு சமையலறைக்குப் போகாமல் கதவோரம் நின்றேன். கீழே லபக்குவின் கிண்ணத்தில் தீனியைப் போட்டான் ஏணி.

எல்லோரும் மென்றார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லபக்கு ஒரு வாய் தின்றது, தலையைத் தூக்கி எல்லோரையும் பார்த்தது, மறுபடி குனிந்தது. தட்டுகள் பாதியாகவில்லை, மணி அடித்துவிட்டது.

நாற்காலிகள் உருண்டன. வண்டி சங்கு ஊதிக்கொண்டு வெளியேறியது. லபக்கு பாதிக் கிண்ணத்தை அப்படியே விட்டுவிட்டு வாசல்வரை ஓடி, அங்கேயே படுத்துக்கொண்டது. அது சாப்பாட்டை மிச்சம் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். ஆறு தட்டையும் மூடிவைத்தேன். நல்லா இருக்கு என்று ஒருவராவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்று ஆற்றாமையாக இருந்தது.

அவர்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. ஏதோ கிடங்கில் தீயாம், ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. முகமெல்லாம் கரி. வரும் வழியில் எங்கேயாவது தின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அக்கா, எங்க தட்டெல்லாம் இருக்கா?”

“எங்க போகும்? மூடி வெச்சிருக்கேன்.”

“வர்ற வழியில கடையில நிறுத்தலாம்னு சார் சொன்னாரு. ஒருத்தனும் ஒத்துக்கலை. பாதித் தட்டு இங்க இருக்கு, நேரா வண்டியை விடுங்கன்னுட்டானுங்க.”

கண்ணில் தண்ணீர் முட்டியது. திரும்பி நின்று அடுப்பைப் பற்றவைத்து எல்லாவற்றையும் சூடாக்கினேன். அவர்கள் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்ததும் லபக்கு தன் கிண்ணத்துக்கு வந்தது. ஒரு வாய் எடுத்தது, தலையைத் தூக்கிப் பார்த்தது. ஆபீசர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே, “குட்டி இங்கயே இருக்கட்டும்,” என்றார்.

ஏணி கன்னம் உப்ப மென்றுகொண்டே என் பக்கம் திரும்பினான். “அக்கா, எல்லாம் சரி. காரம் மட்டும் இன்னும் கொஞ்சம்...”

“வாயில இருக்கறதை முதல்ல மெல்லுடா! அப்புறம் குறை சொல்லு,” என்று கத்திவிட்டு, நானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தேன்.