மூன்றாம் குளிர் அறையில் நெல்

குளிரில் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் அம்மையப்பனின் காலடியில் நெல் முளைக்கும். ஷார்ஜா தொழில்பேட்டையில் பழம் வைக்கும் குளிர்கிடங்கு ஒன்றில் அவர் 2019இல் லோடராகச் சேர்ந்த முதல் வாரமே இது தெரிந்துபோனது. வெளியே நாற்பத்தாறு டிகிரி வெயிலில் ஒன்றும் வராது. உள்ளே பதினைந்து டிகிரியில் சிமெண்டுத் தரையைக் கீறிக்கொண்டு வரும். வேலை போய்விடும் என்ற பயத்தில் மூன்று வருடம் நிற்காமல் நடந்தார். பழக்கம் தொற்றி, கேம்ப்பில் சாப்பிடும்போதும் நடந்தார்.

2022இல் முழங்கால் வீங்கியது. காலியாகக் கிடந்த மூன்றாம் அறையில் ஒரு டூட்டி முழுக்க நின்றுவிட்டார். அவர் நின்ற இடத்திலிருந்து பரவி, மறுநாள் அறை முழுக்கப் பச்சையாக இருந்தது. சூப்பர்வைசர் ராஜிக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பேரீச்சம்பழ லோடு வர நூறு நாள் இருக்குண்ணே. அதுக்குள்ள அறுத்துருங்க, இல்லாட்டி நம்ம ரெண்டு பேர் வேலையும் கலாஸ்" என்றார்.

அது அம்மையப்பன் ஊரில் கடைசியாக நட்ட அதிக மகசூல் ரகம். ஏக்கருக்கு நாற்பது மூட்டை கண்டது. இங்கும் இடுப்பளவு வளர்ந்தது. ஆனால் நூறாம் நாளிலும் கதிர்கள் நிமிர்ந்தே நின்றன. அத்தனையும் பதர். பயத்தைவிட அவமானமே பெரிதாக இருந்தது அவருக்கு. பழத்தின் தரம் பார்க்க வரும் அகிலா கோவையில் வேளாண்மை படித்தவர். கதிரைக் கசக்கிப் பார்த்தார்.

"சூல் கட்டற நேரத்துல குளிர் பட்டு மகரந்தம் செத்துடுச்சுண்ணா. குறுகிய நாள் ரகம்தான் இங்க தாங்கும்."

"நான் எங்கேம்மா விதைச்சேன்? நின்னேன், வந்துச்சு."

"அப்ப ஊர்ல கடைசியா நட்டதுதான் இங்க முளைக்குது. போய் ரகத்தை மாத்தி நட்டுட்டு வாங்க."

அறுத்துச் சுத்தம் செய்துவிட்டு லீவில் போனார். மனைவி ஜெயபாரதியோடு தொண்ணூறு நாள் ரகத்தை நட்டார். நடவு முடிந்ததும் விமானம் ஏறினார். மூன்றாம் அறை மறுபடி காலியானதும் உள்ளே போய் நின்றார். முளைத்தது புது ரகம். கதிர் உருவாகும் பதினைந்து நாளும், மொட்டைமாடித் தொட்டியில் வெயில் காய்ச்சிய தண்ணீரைப் பக்குவமாக ஆறவைத்து, ராஜிக் பைப் பிடிக்க, ஒரு சாண் ஆழத்துக்கு நிறுத்தினார். இளங்கதிரைக் குளிர் தாக்காமலிருக்க அகிலா சொன்ன யோசனை அது. ஒவ்வொரு கதிராகத் தடவிப் பார்த்தபடி வரப்பில்லாத வயலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் கதிர்கள் தலைசாய்ந்தன. ஐந்து மூட்டை. முதலாளி வந்து பார்த்தார், அறையின் டிகிரி சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அந்த வருடத்திலிருந்து பேரீச்சம்பழம் நான்காம் அறைக்குப் போகிறது. கேம்ப் சமையல்காரர் கல்யாணசுந்தரத்துக்கு ஒரே ஒரு குறை: "புது அரிசி, தண்ணி கொஞ்சம் கூடினாலும் குழைஞ்சுருது."