மீன் இல்லாத நாளில் அடித்த தகரம்

எங்கள் கரையில் மீன் கூட்டத்தைக் கண்டவர் மண்ணெண்ணெய்த் தகரத்தில் அடிக்க வேண்டும். கேட்டவர் எல்லோரும் கைவேலையைப் போட்டுவிட்டு வலை இழுக்க ஓடிவர வேண்டும். மீன் இல்லாமல் அடித்தவருக்குக் கரையில் இடமில்லை. அது சட்டம்.

சப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட வருடம். ஒரு காலை, கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் யோசேப்பு தன் மனைவி பவுலினாவை அடிக்கத் தொடங்கினான். ஐந்து மாதப் பிள்ளைத்தாய்ச்சி. கோயிலில் உரத்துப் பாடுகிறவனும் இவன்தான். கரையில் எல்லோருக்கும் கேட்டது. எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் கருவாடு புரட்டினார்கள். நானும்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திடீரென்று பவுலினாவின் சத்தம் நின்றுபோனது. தகரத்தை எடுத்து அடித்தேன்.

கரையே திரண்டு வந்தது. வலைக்குச் சொந்தக்காரரான அன்ரனிப்பிள்ளைச் சம்மாட்டி முன்னால் நின்றார்.

"எங்க மீன்?"

"மீன் இல்லை. இஞ்ச பாருங்கோ."

பக்கத்து வீட்டுக் கதவைத் தள்ளினேன். பவுலினா தரையில் கிடந்து முனகினாள். வாயெல்லாம் இரத்தம். யோசேப்பின் கையில் துடுப்பு.

"பொய்த் தகரம் அடிச்சால் கரையில இடமில்லை, றோசமேரி. தெரியுந்தானே?" என்றார் சம்மாட்டி.

நான் கைம்பெண். கருவாடு போட இடமில்லாவிட்டால் பட்டினிதான்.

"ஓம், தெரியும். மீனுக்கு ஓடி வாறியள், ஒரு மனுசிக்கு ஓடி வரமாட்டியளோ? பிழையெண்டால் தள்ளி வையுங்கோ."

சம்மாட்டியின் மனைவி டொறத்தி உள்ளே போய்ப் பவுலினாவின் தலையைத் தன் மடியில் வைத்தாள்.

"இனி நானும் அடிப்பன். என்னையும் சேர்த்துத் தள்ளி வையுங்கோ," என்றாள்.

சம்மாட்டி உள்ளே போனார். யோசேப்பின் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கினார்.

"தகரம் பொய்யில்லை. இவனுக்குத்தான் இனி என்ர வலையில இடமில்லை."

வீடு பவுலினாவின் சீதனம். அதனால் வெளியே போனவன் யோசேப்புதான். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆண்டவருக்குத் தோத்திரம். அந்தக் கிழமைக்குள் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு தகரம் தொங்கியது.

மாதம் இரண்டு கழித்து யோசேப்பு வேலிக்கு வெளியே வந்து நின்று, உள்ளே வரட்டுமா என்று கேட்டான். பவுலினா தன் வாசல் தகரத்தில் ஒரே ஒரு அடி அடித்தாள்.

நாங்கள் எல்லோரும் அவள் வாசலுக்கு ஓடினோம்.