மாட்டா மாட்டா

அந்த ஆமைக்குப் பேரே மாட்டா மாட்டா. யாரோ கேலிக்கு வைத்த பேர் இல்லை. அமேசான் ஆற்றுப் பக்கத்திலிருந்து வரும்போதே அந்தப் பேரோடுதான் வந்தது. நம் காதில் எப்படி விழுகிறதோ அப்படித்தான் மிருகக்காட்சி சாலையில் எல்லார் காதிலும் விழுந்தது. அசைய மாட்டா, திரும்ப மாட்டா, வந்தவங்களை மதிக்கவே மாட்டா. இப்படிச் சொல்லிச் சொல்லியே அது 'அவள்' ஆகிவிட்டாள்.

ஊர்வனக் கூடத்தின் காப்பாளருக்கு அவள் என்றால் உயிர். இகுவானா என்ற பெரிய பல்லிக்கும் பச்சோந்திக்கும் மலைப்பாம்புக்கும் கூட்டம் தானாக வரும். இவளோ டீத்தண்ணி நிறத்துத் தண்ணீருக்கு அடியில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, தானும் ஒரு மக்கிய மரப்பட்டை மாதிரி கிடப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் தெரிய மாட்டாள். மூக்குக்கு எதிரே ஒரு மீன் போகும். அவள் வாய் திறந்தது தெரியாது, மூடினது தெரியாது, மீன் மட்டும் இருக்காது. அதைப் பார்ப்பதற்காகவே மனுஷர் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஆற விடுவார்.

அவர் மனைவிக்கு அதே வளாகத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை. புகாரெல்லாம் அவள் தலையில்தான் வந்து விடியும்.

"ஏங்க, இன்னிக்கும் ஒருத்தர் சண்டைக்கு வந்துட்டார். வெறும் தண்ணியைப் பார்க்கவா டிக்கெட்டுன்னு கேக்கறார். என்னத்தைச் சொல்ல?"

"உள்ளதான் இருக்கான்னு சொல்லு."

"நானே பார்த்ததில்லையே! நிஜமாவே இருக்காளா, இல்ல எனக்கே கதை விடறீங்களா?"

"ஒருநாள் வந்துதான் பாரேன்."

"பாம்பு இருக்கற இடத்துக்கா? உங்களைக் கட்டிக்கிட்ட தைரியமே எனக்குப் போதும், ஆளை விடுங்க."

இப்படிச் சிரிப்பும் கிண்டலுமாகப் போய்க்கொண்டிருந்ததில் புது மேலாளர் வந்து மண்ணை அள்ளிப் போட்டார். யாருமே நிற்காத தொட்டி எதற்கு, வேறொரு காட்சி சாலையில் கேட்கிறார்கள், அவளை அனுப்பிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு இகுவானாவை விடலாம் என்றார். காப்பாளர் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் மேலாளர், "சரி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே வந்து பார்க்கறேன். கூட்டம் நின்னா இருக்கட்டும், இல்லேன்னா கிளம்பட்டும்" என்று முடித்துவிட்டார்.

வீட்டில் மனுஷர் தட்டைத் தொடவே இல்லை.

"என்ன, என் சக்களத்தி ஊருக்குக் கிளம்பறாளாமே?" என்றாள் மனைவி. குனிந்து பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது. அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

"கூட்டந்தானே வேணும்? அதை என்கிட்ட விடுங்க. முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து டிக்கெட் வாங்க வந்த ஒருத்தரையும் அவள் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, ஏதோ ரகசியம் மாதிரி, "ஊர்வனக் கூடத்துல ஒருத்தி ஒளிஞ்சிருக்கா. இதுவரைக்கும் யாராலயும் கண்டுபிடிக்க முடியல. உங்களால முடியுதான்னு பாருங்க" என்றாள். இப்படிச் சொன்னால் எவன் சும்மா போவான்? மத்தியானத்துக்குள் தொட்டி முன்னால் தள்ளுமுள்ளு.

அங்கேதான் வந்தது வினை. மேலாளர் சாயங்காலம்தானே வருவார் என்று காப்பாளர் ஆமையைப் பின்னறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் விட்டுவிட்டு, தொட்டியைக் கழுவி அப்போதுதான் அதே டீத்தண்ணி நிறத்துத் தண்ணீரை நிரப்பியிருந்தார். உள்ளே இலையும் கல்லும் மரத்துண்டும்தான். விஷயத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

"அதோ, தலை தெரியுது!"

"அது இலைங்க. இந்தப் பக்கம் பாருங்க, கண்ணைச் சிமிட்டறா!"

கூட்டத்தின் இரைச்சல் கேட்டு மேலாளரும் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தார். போதாக்குறைக்கு மனைவியும், ஆசை பயத்தை ஜெயித்துவிட, கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு உள்ளே வந்து நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே?" என்றாள் சத்தமாக.

"மெதுவாப் பேசுடி. அவ உள்ள இல்ல, பின்னால டப்பில இருக்கா" என்று காதில் ஓதினார் காப்பாளர். அவளுக்கு வந்த சிரிப்பில் கைப்பையைக் கடிக்காத குறை.

மேலாளரும் அந்த ஆமையைப் பார்த்ததே கிடையாது. ஆனால் இத்தனை பேருக்குத் தெரிவது தனக்குத் தெரியவில்லை என்று எந்த மேலாளர் சொல்வார்? கண்ணாடியைத் தட்டிவிட்டு, "அருமை! ரெண்டும் நல்லாத் தெரியுதே" என்றார்.

"ரெண்டா சார்?" என்றார் காப்பாளர்.

"மூலையில ஒண்ணு, கல்லுக்குப் பக்கத்துல ஒண்ணு. ரெண்டு இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலியே! நல்லதாப் போச்சு. ஒண்ணு இங்கயே இருக்கட்டும், ஒண்ணை அனுப்பிடுவோம். நாளைக்கே வண்டி வரச் சொல்றேன்."

காப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இருப்பதே ஒருத்தி. அவளை அனுப்பினால் இங்கே வெறும் தண்ணீர். தொட்டி காலி என்று உண்மையைச் சொன்னாலோ, இத்தனை பேர் முன்னால் மேலாளர் மூக்கை உடைத்த மாதிரி. அந்தக் கோபத்திலேயே அவளை வண்டி ஏற்றிவிடுவார்.

மனைவிதான் முன்னால் வந்தாள். குரலில் அப்படி ஒரு பணிவு.

"சார், எதை அனுப்பறதுன்னு நீங்களே கை காட்டிடுங்க சார். அப்புறம் மாத்தி அனுப்பிட்டாருன்னு இவருக்குக் கெட்ட பேர் வேணாம். இப்பவே பிடிச்சுக் குடுத்துடுவாரு."

எல்லாரும் மேலாளரைப் பார்த்தார்கள். அவர் குனிந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டினார்.

"அந்தக் கல்லுப் பக்கத்துல..."

காப்பாளருக்கு மனைவியின் தந்திரம் இப்போதுதான் உறைத்தது. மேல்மூடியைத் திறந்து கையை விட்டார். "இதா சார்?"

"அது இலைப்பா."

"இதா?"

"அது மரப்பட்டை... கொஞ்சம் தள்ளி..."

"இங்கயா சார்?"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேலாளர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வேணாம்ப்பா. ஜோடியைப் பிரிக்க எனக்கு மனசு வரல. ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

கூட்டம் கைதட்டியது. எவ்வளவு இளகின மனசு என்று ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லாரும் போனபிறகு பின்னறையில் டப்பின் மூடியைத் தூக்கிக் காட்டினார் காப்பாளர். மனைவி எட்ட நின்றே பார்த்தாள். தட்டையான தலை, குழாய் மாதிரி மூக்கு, காதுவரை ஓடும் வாய்.

"இந்த மூஞ்சிக்கா சாப்பிடாம அழுதீங்க?"

"நீ மட்டும் இல்லேன்னா அவ போயிருப்பா" என்றார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்து அறையில் பாம்பு இருப்பது அவளுக்கு மறந்தே போனது.

அடுத்த வாரம் மேலாளரே முன்னால் நின்று தொட்டிமேல் புதுப் பலகை அடிக்க வைத்தார்: 'மாட்டா மாட்டா ஆமைகள் – இரண்டு'. காப்பாளர் வாயே திறக்கவில்லை. கவுன்டருக்கும் இப்போதெல்லாம் புகாரே வருவதில்லை. வருகிறவர்கள் ரெண்டையும் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.