மணிமொழி கேட்ட மூன்று மாதம்

தான் வேலை பார்க்கும் ரேஷன் கடையில் சர்க்கரை மூட்டையை நகர்த்தும்போதுதான் மணிமொழிக்கு முதல் தடவை நெஞ்சு இறுகியது. உட்கார்ந்ததும் விட்டுவிட்டது. வாயுவாக இருக்கும் என்று நினைத்தாள். மறு வாரம் தெரு மேட்டில் ஏறும்போது அதே இறுக்கம் இடது தோள்வரை இழுத்தது. கணவர் ராமகிருஷ்ணனிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் சட்டையை மாட்டிவிட்டார்.

ராமகிருஷ்ணன் மேல்மலையனூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அமாவாசைக் கூட்டத்தையே ஒரு அதட்டலில் அடக்குகிற ஆள். ஆனால் அவருடைய முதல் மனைவி, நெஞ்சுவலி என்று சொன்ன அரை மணி நேரத்தில் போய்விட்டவள். அதன்பின் ஐந்து வருஷம் தனியாக இருந்துவிட்டு மணிமொழியைக் கட்டிக்கொண்டார். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு. அதுவே அவளுக்கு முதல் கல்யாணம்.

பாண்டிச்சேரியில் ஆஞ்சியோ எடுத்துப் பார்த்த டாக்டர் வளர்மதி நிதானமாகச் சொன்னார். "ரெண்டு ரத்தக் குழாயில அடைப்பு இருக்கு. ஸ்டென்ட் வைக்கத் தோதான இடம் இல்ல. பைபாஸ் பண்ணலாம். இல்ல, மாத்திரை, நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடுன்னு ஆரம்பிச்சும் பாக்கலாம். உங்க இதயம் நல்லா வேலை செய்யுது. ஆபரேஷன் பண்ணா வலி சீக்கிரம் குறையும். ஆயுசு கூடும்னு உங்க விஷயத்துல உறுதியாச் சொல்ல முடியாது. நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

"ஆபரேஷனே பண்ணிடுங்க மேடம். எந்தத் தேதி?" என்றார் ராமகிருஷ்ணன்.

"சார், நான் அவங்களைக் கேட்டேன்."

திண்டிவனத்தில் வீட்டுக்கு வந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"மாத்திரை போட்டா அடைப்பு போயிடுமா? போவாதில்ல? அப்புறம் இன்னாத்துக்கு?"

"நெஞ்சைப் பொளந்துதான் ஆகணும்னா பொளந்துக்கிறேன். பொளக்காமலும் பாக்கலாம்னு அந்தம்மாவே சொல்றாங்களே."

"பாத்துக்கினே இருக்கும்போது எதுனா ஆயிட்டா?"

அவள் அவரையே பார்த்தாள்.

"ஏங்க, ஆபரேஷன் எனக்கா, உங்க பயத்துக்கா?"

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கு நான் டூட்டியில இருந்தேன். போன் வந்து, பஸ்ஸை விட்டு எறங்கி ஓடினேன். போய்ச் சேரல. இன்னொரு தடவை என்னால முடியாது மணி."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு மட்டும் உங்களை விட்டுட்டுப் போகணும்னு ஆசையா? மூணு மாசம் குடுங்க. அப்பவும் வலி நிக்கலைன்னா நானே தேதி கேக்கிறேன்."

டாக்டரும் ஒப்புக்கொண்டார். சும்மா இருக்கும்போது வலி வந்தால் நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.

ராமகிருஷ்ணன் காலை டூட்டியை மாலைக்கு மாற்றிக்கொண்டார். விடிந்ததும் இருவரும் திருவண்ணாமலை ரோட்டில் நடந்தார்கள். வீட்டிலிருந்த மாங்காய் ஊறுகாய் ஜாடி காணாமல் போனது. கேட்டதற்கு, "டிரைவருக்குக் குடுத்துட்டேன்" என்றார். அவருக்குத்தான் ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. அவளோடு சேர்ந்து அவரும் உப்புக் குறைந்த குழம்பை மூஞ்சி சுளிக்காமல் சாப்பிட்டார்.

இரண்டாவது மாதம் ஒரு காலையில் நடக்கும்போது நெஞ்சு நன்றாகவே இறுகியது. அவள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து மாத்திரையை வைத்துக்கொண்டாள். அவர் ரோட்டின் நடுவில் நின்று, வந்த பால் வண்டியை மறித்தார். வண்டி நிற்பதற்குள் வலி விட்டுவிட்டது. "வண்டியில அடிபட்டு நீங்க முன்னாடி போயிடப் போறீங்க" என்று அவள் திட்டினாள். அன்றே டாக்டரிடம் போனார்கள். அவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அதற்கப்புறம் மேடு ஏறும்போதும் அவள் நிற்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் மாத முடிவில் டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்த டாக்டர் சிரித்தார். "இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம். எப்பவுமே வேணாம்னு சொல்லல. மாத்திரையை நிறுத்தக் கூடாது."

'எப்பவுமே வேணாம்' என்ற வார்த்தைக்காகத்தான் ராமகிருஷ்ணன் காத்திருந்தார். அது கிடைக்காது என்று அன்றைக்குப் புரிந்தது.

மணிமொழி மறுபடி கடைக்குப் போகிறாள். மூட்டையைத் தொடுவதில்லை. சில நாள் மதியம் அவளுக்கு போன் வரும்.

"மணி, ஒண்ணுமில்ல. பயமா இருக்குது."

கார்டுகளோடு நிற்கிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, "நல்லாத்தான் இருக்கேன். சாப்டீங்களா?" என்று கேட்டபடி அவள் ஓரமாக வந்து நிற்பாள்.