ஒன்பதாம் தகவலாளியின் விலை

முப்பத்திரண்டு பக்கக் கட்டுரையை முந்நூறு சொல்லுக்குள் சுருக்கிக்கொண்டு வரவேண்டும் என்று மெரினா மிஸ் சொன்னபோது, அக்ரம் அதை ஒரு பேரமாகத்தான் எடுத்துக்கொண்டான். கற்பிட்டிக் கருவாட்டு வியாபாரியின் மகன் வேறு எப்படி எடுத்துக்கொள்வான்? முப்பத்திரண்டு கேட்கிறவனிடம் ஒன்றில் தொடங்கி ஒன்றரையில் முடிப்பது அவர்கள் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு முன்னமே நடக்கிற காரியம்.

புத்தளத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் சனிக்கிழமை தோறும் வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு வகுப்பு நடந்தது. பாடம், சமூகவியல் அறிமுகம். சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வருகிற மெரினா மிஸ் பலகையில் நாலே நாலு வரி எழுதிப் போட்டிருந்தார்: கேள்வி என்ன, எப்படித் தேடினார், என்ன கண்டார், எங்கே குறை.

"எழுதினவர் சொல்லாத ஒண்ணும் உங்கட சுருக்கத்தில இருக்கப்படாது. அவர் சொன்னதில முக்கியமான ஒண்ணும் விடுபடவும் கூடாது. சரியா?" என்று கேட்டுவிட்டு, ஆளுக்கொரு கட்டுரையாகப் பங்கிட்டார். அக்ரமுக்கு வந்தது, வடமேற்குக் கரையில் கருவாட்டு வியாபாரிகள் விலை பேசும் முறையைப் பற்றிக் கொழும்புப் படிப்பாளி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது. "உன்ட ஊர்ப்பக்கத்துக் கதைதான் தம்பி. உனக்கு லேசு" என்றார் மிஸ்.

லேசாகத்தான் தொடங்கியது. அந்தக் கரையில் விலையை வாயால் சொல்வதில்லை. விற்கிறவனும் வாங்குகிறவனும் கை கோத்துக்கொள்வார்கள். மேலே ஒரு துவாயைப் போடுவார்கள். துவாய்க்கடியில் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, நாலைப் பிடித்தால் நாலு, முழுக் கையையும் பிடித்தால் ஐந்து. வேண்டாமென்றால் உதறல், சம்மதமென்றால் உள்ளங்கையில் ஒரு தட்டு. பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. ஒருவன் கை உள்ளே இருக்கும்வரை இன்னொருவன் அந்தச் சரக்கைக் கேட்கவும் கூடாது. இதெல்லாம் அக்ரம் பல்லு முளைக்க முன்னம் படித்த பாடம். படிப்பாளிக்கு இதை எழுத ஒன்பது பக்கம் பிடித்திருந்தது.

பத்தாம் பக்கத்தில் ஓர் அட்டவணை. 2012 ஜனவரி முதல் ஓகஸ்ட் வரை, தகவலாளிகள் பதினாலு பேர். பெயர் இல்லை, இலக்கம் மட்டும். ஒன்பதாம் இலக்கத்துக்கு நேரே இப்படி இருந்தது: "ஆண். வயது ஐம்பதளவில். கருவாடு வாங்குபவர். வலது பெருவிரல் நகம் நெடுக்காக இரண்டாகப் பிளந்தது. பேட்டி தரவில்லை; கையால் மட்டும் பேசினார்."

அக்ரம் அகராதியை மூடி வைத்தான். அந்தக் கரையில் பெருவிரல் நகம் நெடுக்காகப் பிளந்த கருவாட்டு வியாபாரி ஒரே ஆள்தான்: அவனுடைய மாமா நூஹு, உம்மாவின் நானா. தராசுத் தட்டில் நசுங்கிய நகம். நூஹு மாமா பத்தலங்குண்டுத் தீவுக்குக் கருவாடு எடுக்கப் போனது 2008இல். படகு வந்தது, அவர் வரவில்லை.

அவன் மேலே வாசித்தான். படிப்பாளி நேர்மையான மனிதர், கண்டதையெல்லாம் எழுதியிருந்தார். தகவலாளி 9 மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கரையோரக் கருவாட்டு வாடி காலியானதும் வருவார். ஒலிப்பதிவில் காற்று மட்டுமே இருந்தது. "மூன்றாம் படத்தில் அவர் முகம் விழவில்லை, படம் எடுப்பதை அவர் விரும்பாதிருக்கலாம்." அக்ரம் மூன்றாம் படத்தைப் பார்த்தான். பெட்டி மேல் படிப்பாளி உட்கார்ந்திருக்கிறார், கையை நீட்டி. கை மேல் துவாய். துவாயின் மறு பாதி இன்னொரு கையின் மேல் கிடப்பதுபோலவே மேடாக இருக்கிறது. அந்தப் பக்கம் வெறும் மணல்.

அடுத்த பந்தி இன்னும் மோசம். "மற்றப் பதின்மூவரும் தகவலாளி 9 என்று ஒருவர் இல்லவே இல்லை என்று சாதித்தனர். வெளியாருக்கு எதிராக வியாபாரச் சமூகம் எழுப்பும் மௌனச் சுவருக்கு இது சிறந்த சான்று."

கடைசியில் கண்டுபிடிப்பு. எந்தச் சரக்கைக் காட்டினாலும் தகவலாளி 9 ஒரே விலைதான் கேட்டார்: நாலு, பிறகு பத்து. நாற்பத்தொரு மாலைகள் பேசியும் அவர் இறங்கவில்லை. அது என்ன விலை என்று படிப்பாளிக்கு விளங்கவில்லை. விளங்காததற்கு அவர் ஒரு பெயர் வைத்திருந்தார்: பேரத்துக்கு அப்பாற்பட்ட விலை. கட்டுரை முழுவதும் அந்தக் காலில்தான் நின்றது.

அக்ரம் பயந்தது பேய்க்கு மட்டுமல்ல. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நூஹு மாமாவின் மனைவி லெய்லா மாமிக்கு மறு நிக்காஹ். எட்டு வருஷம் வேலிக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடந்த மாமி. போன மாதம்தான் காதியார், நூஹு மௌத்தாகிவிட்டார் என்று தீர்ப்புக் கொடுத்தார். மாப்பிள்ளை பதுர்தீன் ஹாஜியார், மனைவியை இழந்தவர், கரையிலேயே பேரத்தில் தோற்காத ஒரே மனிதர். தீர்ப்பு வந்த திகதியிலிருந்து மாமி இத்தா இருக்கவேண்டும், புருஷனை இழந்தவள் திரைக்குள் இருந்து முடிக்கிற அந்தக் காலம் கழியாமல் நிக்காஹ் இல்லை என்று காதியார் சொன்னபோது, ஹாஜியார் அதையும் விலை பேசினார்.

"எட்டு வருஷம் புருஷன் இல்லாமத்தானே இருந்தா? அது இத்தா இல்லாம வேற என்ன? மொத்தமா எடுக்கிறவனுக்குக் கழிவு இல்லையா?" என்று நாலு பெரியவர்களை உட்கார்த்திக் கதைத்தார். "மூணு வருஷ நோன்பும் கடைச் சாப்பாட்டில போயிட்டு. இந்த நோன்பாவது வீட்டுக் கஞ்சி குடிக்க விடுங்களேன்." பெரியவர்களும் வியாபாரிகள். கழிவு என்ற சொல்லைக் கேட்டதும் தலையாட்டினார்கள்.

இந்த நேரத்தில், நூஹு மாமா 2012இல் கரையில் உட்கார்ந்திருந்தார் என்று ஓர் அச்சடித்த தாள் சொல்கிறது. உயிரோடு இருந்தாரென்றால் வெள்ளிக்கிழமை நிக்காஹ் செல்லாது. உயிரோடு இல்லையென்றால், அதைப் பற்றி அக்ரம் யோசிக்க விரும்பவில்லை. சுருக்கம் என்றால் விடுவதுதானே? தகவலாளி 9ஐ விட்டுவிட்டான்.

சனிக்கிழமை மெரினா மிஸ் இரண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டார். "பதினாலு பேர் எங்க, பதின்மூணு பேர் எங்க? ஒன்பதை எங்க ஒளிச்சு வெச்சிருக்கிற?"

"அந்தாள் அவ்வளவு முக்கியம் இல்ல மிஸ்."

"அந்தாள்தான் கட்டுரையே! மற்றவங்கள்ல பத்துப் பேரை விட்டிருந்தாலும் நான் மன்னிச்சிருப்பன். அடுத்த சனிக்கிழமை திருப்பிக் கொண்டு வா. ஒன்பது இல்லாம வந்தா சைபர்."

ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு அக்ரம் வாடிக்குப் போனான். யாரோ பகிடிக்காரன் படிப்பாளியை ஏய்த்திருக்கிறான் என்று தனக்குத் தானே நிரூபிக்கத்தான் போனான். எல்லாரும் போய்விட்டார்கள். கருவாடு காயப்போடுகிற பந்தல்கள் வெறுமையாக நின்றன. தெற்கே நுரைச்சோலை மின் நிலையத்தின் புகைக்குழாய் வெயிலில் வெளுத்துத் தெரிந்தது. எந்நேரமும் சண்டை போடுகிற காகங்களில் ஒன்றுகூட இல்லை. அதை அவன் முதலில் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு எழும்பிப் போக வெட்கமாக இருந்தது.

பெட்டி மேல் உட்கார்ந்து, வலக்கையை நீட்டி, துவாயைப் போட்டான். துவாயின் மறு பாதி மணலில் தொங்கியது. ஒன்றுமில்லை. காற்று. பார்த்தாயா, என்று சிரிக்கப் போனான்.

தொங்கிய பாதி மெல்ல மேலே எழும்பியது.

உள்ளே வந்த கை குளிரவில்லை. அதுதான் அவனைக் கூடுதலாக நடுக்கியது. வெயிலில் காய்ந்த கையின் சாதாரணச் சூடு, உப்புச் சொரசொரப்பு. பிளந்த நகம் உள்ளங்கையைக் கீறிக்கொண்டு போனது. பிறகு அவனுடைய நாலு விரல்களைச் சேர்த்துப் பிடித்தது. விட்டது. முழுக் கையையும் பிடித்தது. விட்டது. மறுபடியும் முழுக் கை.

நாலு. பத்து.

அக்ரமின் கைக்குப் பரம்பரைப் புத்தி. அது தன்பாட்டில் எதிர்விலை சொன்னது: இரண்டு. மறு கை உதறியது. நாலு. பத்து. மூன்று என்றான். உதறல். நாலு. பத்து. எதற்கு இந்த விலை? எந்தக் கருவாட்டுக்கு? படிப்பாளி நாற்பத்தொரு நாள் சரக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையின் சொந்தக்காரனைப் பார்க்கவில்லை. மௌத்தான ஒரு மனிதன் இந்த உலகத்தில் இன்னும் கேட்டு வாங்கக்கூடிய நாலும் பத்தும் என்ன?

நாலு மாதமும் பத்து நாளும். புருஷன் மௌத்தானால் மனைவி இருக்கவேண்டிய இத்தா.

அவன் உடனே எட்டு என்று பிடித்தான். மூன்று விரல், பிறகு முழுக் கை. எட்டு வருஷம் இருந்தாச்சே! அந்தக் கை அசையாமல் நின்றது. யோசிக்கிறாற்போல இருந்தது. பிறகு உதறியது.

"மாமா, எட்டு வருஷம்..." என்று அக்ரம் வாய்விட்டான். துவாய்க்கடியில் பேசும்போது வாய் திறப்பது பெரிய மரியாதைக்கேடு. பிடி இறுகியது. எலும்பு மளுக்கென்றது. அந்த வலியில்தான் அவனுக்கு விளங்கியது, இந்தக் கை உள்ளே இருக்கும்வரை எந்த வெள்ளிக்கிழமையும் செல்லாது என்று.

உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினான். சம்மதம்.

பிடி தளர்ந்தது. துவாய் தட்டையாக விழுந்தது. அவன் அதை எடுக்காமலே வீட்டுக்கு ஓடினான்.

திங்கட்கிழமை மாமி நிக்காஹ் சாரிக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை தையல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள்.

"நான் என்ன கட்டாக் கருவாடா?" என்றாள். "என்னட்டக் கேக்காம என்ட விலைய முடிச்சிட்டு வந்து நிக்கிற?"

"முடிக்காட்டி கைய விட்டிருக்க மாட்டார் மாமி."

"உன்ட கையத்தானே? முறிஞ்சா முறியட்டும் எண்டு இருந்திருக்கலாம். நான் எட்டு வருஷம் இருந்தவள்." மெஷின் நின்றது. "எங்க, கையக் காட்டு."

காட்டினான். உள்ளங்கையில் ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல இரட்டைக் கீறல். அவள் தொடவில்லை. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒவ்வொரு நாளும் அவருக்குச் சோறு மூடி வெச்சேன்" என்றாள் கடைசியில். "உசிரோட வாறவருக்குத்தான் வெச்சேன். மௌத்தாப் போனவருக்கு எண்டு நான் ஒரு நாளும் இருக்கல்ல மகன். ஊரெல்லாம் அழுதிச்சு, நான் அழல்ல. ஹாஜியார் கழிச்ச அந்த எட்டு வருஷம் வேற சரக்கு, இத்தா இல்ல."

"ஹாஜியார் காத்திருக்க மாட்டார் மாமி. நோன்புக்கு முன்ன இல்லாட்டி வேற இடம் பாக்கிறதா உம்மாட்டச் சொல்லியிருக்காரு."

"பாக்கட்டும்." சாரியை மடித்தாள். மடிப்பு நேராக வரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தாள். அந்த நிக்காஹை அவள் எவ்வளவு விரும்பியிருந்தாள் என்பது அக்ரமுக்கு அப்போதுதான் தெரிந்தது. "அலுமாரி மேல்தட்டில ஒரு வெள்ளைச் சீலை இருக்கு. எடுத்துத் தந்துட்டுப் போ. நான் இத்தா இருக்கப் போறன் எண்டு போய் ஹாஜியார்ட்டச் சொல்லு."

அன்றே அக்ரம் சுருக்கத்தைத் திருப்பி எழுதினான். ஒன்பதாம் தகவலாளிக்கு முப்பது சொல் கொடுத்தான். அவர் கேட்ட விலை நாலும் பத்தும். அதன் பொருளைக் கட்டுரையாசிரியர் கண்டறியவில்லை, என்று முடித்தான். கட்டுரையாசிரியர் சொல்லாத ஒன்றையும் அவன் சொல்லவில்லை. மெரினா மிஸ்ஸின் சட்டம் இவ்வளவு நல்ல சட்டம் என்று அவன் நினைத்ததே இல்லை.

பதுர்தீன் ஹாஜியாரோ கதையைக் கேட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "நூஹுவா? உசிரோட இருக்கக்குள்ளயே என்னட்ட ரெண்டு விரல் இறங்காம போனதில்ல. நீ சின்னப் பிள்ள, முதல் விலையிலயே தட்டிட்ட. நான் போய்க் கதைக்கிறன். ஒண்ணரை மாசம். கூடினா ரெண்டு."

புதன்கிழமை அஸருக்குப் புதுத் துவாயோடு அவர் வாடிப்பக்கம் போவதைப் பலரும் கண்டார்கள். திரும்பி வந்ததை யாரும் காணவில்லை. வியாழக்கிழமை அவர் கடை திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அக்ரம் வந்தபோது, மாமி வீட்டு நடு அறைக்கு வெள்ளைத் திரை போட்டாயிற்று. நிக்காஹுக்கு வரவேண்டிய பெண்கள் திரைக்கு உள்ளே மௌத்தான நூஹு மாமாவுக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் வெளியே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். மாப்பிள்ளைக்குத் தைத்த சேர்ட்டைத்தான் போட்டிருந்தார். வலக்கை பொக்கெட்டுக்குள் இருந்தது. சலாம் சொல்லிக் கைகொடுக்கவும் வெளியே எடுக்கவில்லை.

"மாமிட்டச் சொல்லு மகன். நான் வேற இடம் பாக்க மாட்டன். இருந்து முடிக்கட்டும்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் அக்ரம். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. "எவ்வளவுக்கு இறக்கினீங்க ஹாஜியார்?"

ஹாஜியார் திரையைப் பார்த்தார். பிறகு கடற்பக்கம் பார்த்தார்.

"இறக்கல்ல" என்றார். "நாலும் பதினொண்ணும். ஒரு நாள் கூட்டித் தாறன் எண்டு சொன்ன பிறகுதான் என்ட கைய எடுக்க விட்டான்."