பூங்கொடி வீடு

ஆடிட்டர் ரீட்டா மேடம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் ஒரு பெயரின் கீழ் பென்சிலால் கோடு போட்டார்.

"பூங்கொடிக்குச் சம்பளம்னு எழுதியிருக்கீங்க. காசு அஞ்சுகம் கணக்குக்குப் போயிருக்கே. யாருங்க அஞ்சுகம்?"

"எம் பொண்டாட்டிங்க," என்றார் அப்பா.

பூங்கொடி நான்தான். இந்தச் சம்பளமே என் யோசனை. காரைக்காலில் நான் போகும் மாலைநேரக் கணக்கு வகுப்பில் சொன்னார்கள்: வயதுக்கு வந்த பிள்ளை உண்மையாகவே வேலை பார்த்து, அதே வேலைக்கு வெளியாளுக்குக் கொடுக்கும் அளவில் சம்பளம் வாங்கினால், அது தொழிலின் செலவு, அப்பாவின் வரி குறையும். சாரிடம் இரண்டு முறை கேட்டுக்கொண்டுதான் அப்பாவிடம் சொன்னேன். இப்போது அது செல்லாது என்றால், என் பேச்சை நம்பி அவர் மாட்டிக்கொண்டதாகிவிடும். வகுப்பும் அதோடு நின்றுவிடும்.

"அவங்க கணக்குக்கு ஏன்?"

"எங்க மீன் வியாபாரத்துல சம்பளம் ஆளு கையில போவாதுங்க. வீட்டுப் பொம்பளைகிட்டதான் போவும். ஆம்பள கையில குடுத்தா வீடு வந்து சேராது."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பூங்கொடியும் குடிக்குதா?"

"பழக்கதோசங்க," என்று அப்பா தலையைச் சொறிந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாதாமாதம் கணக்கில் அதை எழுதியவள் நான். எங்களிடம் வேலை பார்க்கும் சுப்பையன் அண்ணன் சம்பளம் அவர் மனைவிக்குப் போவதுபோலத்தானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அவரிடம், மனைவி கணக்குக்கு அனுப்பச் சொல்லி எழுதி வாங்கியிருந்தேன். என் விஷயத்தில் அது தோன்றவே இல்லை.

"இன்கம்டாக்ஸ் ஆபீஸ்ல கேட்டா, வீட்டுச் செலவுக்குக் குடுத்ததைச் சம்பளம்னு காட்டுறீங்கன்னு சொல்லிடுவாங்க. பொண்ணு என்ன வேலை பாக்குது?"

அப்பா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைப் பற்றி யார் கேட்டாலும், "சும்மா கூடமாட இருக்குது" என்பதுதான் அவர் வழக்கம்.

"காலையில துறைமுகத்துல எடை பாக்குறது அதுதான். எந்தப் பொட்டிக்கு எவ்வளவு ஐஸுன்னு அதுதான் சொல்லும். கேரளா வியாபாரிங்ககிட்ட பேசுறது, பில்லு, லாரி எல்லாம். போன மாசம் அதுக்குக் காய்ச்சல். லாரியை நான் வேற ஊருக்கு அனுப்பிட்டேன்." ஸ்டேட்மென்ட்டை மேடம் பக்கம் தள்ளினார். "வெளியாளு இந்தச் சம்பளத்துக்கு வரமாட்டாங்க."

நான் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேடம் அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார். அந்தக் காசைப் பற்றிக் கேட்டதும் ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் வந்தது. "அதுல ஒரு பைசா நான் தொடலியே. அது சம்பாரிச்ச காசு. ஏன், தப்பாயிடுச்சா?"

"தப்பாகலம்மா," என்றார் மேடம். "அப்படியே பொண்ணு கணக்குக்கு மாத்தி விட்டுடுங்க." பிறகு அப்பாவிடம் திரும்பினார். "இன்னும் மார்ச் முடியல. நடந்ததை நடந்தபடியே எழுதி வைங்க. இனிமே நேரா பூங்கொடிக்கே அனுப்புங்க. பாத்துக்கலாம்."

படி இறங்கி வெளியே வந்தோம். அப்பா வண்டியைக் கிளப்பினார். "இன்னிக்கு கிளாஸ் உண்டுல்ல? ஏறு, விட்டுட்டுப் போறேன்."

மாதக் கடைசியில், எங்கள் மீன் கொட்டகையில் உட்கார்ந்து அப்பா போனில் சம்பளம் அனுப்பினார். வழக்கம்போல ஒவ்வொரு வீடாகச் சொல்லிக் கூப்பிட்டார்.

"சுப்பையன் வீடு."

வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவியின் இடுப்பில் போன் கத்தியது.

"பூங்கொடி வீடு."

அம்மா பழக்கத்தில் தன் போனை எடுத்துப் பார்த்தாள். அது பேசாமல் இருந்தது. என் கை இரண்டும் ஐஸுக்குள் இருந்தன. தராசுப் பக்கத்தில் வைத்திருந்த என் போன் அதிர்ந்து அதிர்ந்து, ஈர மேசைமேல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.