அறுபது பொய்கள் வேண்டும்

வீடு வீடாக எடுக்கப்படும் கணக்கெடுப்புகளில் பொய் விடைகளைக் கண்டுபிடிக்கும் சூத்திரமே ஸ்ரீவராகத்து ஆர்யாவின் முனைவர் பட்ட ஆராய்ச்சி. நாட்டில் தட்டுப்பாடே வராத சரக்கு பொய் ஒன்றுதான் என்பதாலோ என்னவோ, புள்ளியியல் துறை உடனே ஒப்புதல் அளித்துவிட்டது. வேலை அனுபவமும் வேண்டுமே என்று, 1998இல் ஒரு குடிநீர்க் கணக்கெடுப்பில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தாள். காலையில் குழாயில் எத்தனை நிமிடம் தண்ணீர் வருகிறது என்பதே கேள்வி.

ஆரியசாலைத் தெருக்களில் வீடு வீடாகக் கேட்டெழுதும் பொறுப்பு, திருநெல்வேலிக்காரரான பால்பாண்டிக்கு. அவர் கொண்டுவந்த அறுபது படிவங்களிலும் 37, 43, 28 என்றே விடைகள் இருந்தன. ஆர்யாவுக்குச் சிரிப்பு வந்தது. எந்த வீட்டில் கடிகாரத்தோடு குழாயடியில் நிற்கிறார்கள்? கேட்டால் அரைமணி என்பார்கள், இல்லையேல் தெரியாது என்று கதவைச் சாத்துவார்கள். அவளது சூத்திரமும் அறுபதையும் பொய் என்றே சொன்னது.

"அண்ணாச்சி, எல்லாம் டீக்கடையில ஒக்காந்து எழுதினதுதானே?"

"கண்டுபிடிச்சிட்டியளே மேடம்! வெயிலு பயங்கரம். சந்தேகம் வரப்பிடாதுன்னு ஒரு நம்பரக்கூட ரவுண்டா வைக்கலியே!"

ஆராய்ச்சி நெறியாளர் தாணுமாலையன் மட்டும் அசையவில்லை. "ஒரு தடவை பிடிச்சா அது குருட்டு யோகம். பொய்னு சொல்லியே எழுதின இன்னோர் அறுபது கொண்டா. வெள்ளிக்கிழமை அதையும் பிடிக்கலேன்னா அத்தியாயத்தைக் கிழிச்சுப் போடு, கேட்டியா?"

ஆர்யா பால்பாண்டியிடமே ஓடினாள். "அண்ணாச்சி, வியாழக்கிழமைக்குள்ள இன்னும் அறுபது பொய் வேணும்."

"அறுபதா? ரெண்டு டீக்குள்ள முடிச்சிரலாம்."

வியாழனன்று படிவங்கள் வந்தன. கணினியோ அறுபதும் மெய் என்றது. மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் மெய். இரண்டாண்டு உழைப்பு ஒரு டீக்கடைப் பேனாவிடம் தோற்றதா? அழுகையை அடக்கிக்கொண்டு படிவங்களைப் புரட்டினாள். 30, 15, 60, தெரியாது. நாற்பத்தோராவது படிவத்தின் ஓரத்தில், "தண்ணி கிடக்கட்டும், தோண்டின ரோட்டை எப்பம் மூடுவீங்க?" என்றிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, சாலைக் கடைத்தெருவில் பால்பாண்டியைப் பிடித்துவிட்டாள்.

"இதையும் நீங்களா கற்பனை பண்ணினேள்?"

"பகவதி சத்தியமா எல்லாம் பொய்தான் மேடம்!"

அவள் நகரவில்லை. பால்பாண்டி தலையைச் சொறிந்தார்.

"களவா எழுதும்போ கை தன்னால ஓடும். நீங்க ஆர்டர் போட்டு எழுதச் சொன்னதும் ஒரு நம்பரும் வரமாட்டேங்கு. ரெண்டு நாளு பார்த்தேன். பெறவு வீடு வீடாப் போயி கேட்டே எழுதிட்டேன். ஆபீஸ்ல சொல்லிராதீங்க, மானம் போயிரும்."

ஆர்யா பேருந்துக்குக்கூடக் காத்திராமல் ஆட்டோ பிடித்தாள். முதல் அறுபதைப் பிடித்ததும் சரி, பிந்தைய அறுபதை மெய் என்று விட்டதும் சரி!

தாணுமாலையன் முழுவதையும் கேட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சூத்திரம் நிக்குது. அத்தியாயம் இருக்கட்டும். ஆனா வாய்மொழித் தேர்வு அன்னைக்கு அந்த ஆளைச் சாட்சிக்குக் கூட்டிட்டு வந்திராதே. உண்மையைச் சொல்லுன்னு நாம கேட்டுத் தொலைப்போம்."